நூறில் ஒரு பங்கு கரண்டில் ஓர் ஆம்ப்ளிஃபயர்

கேள்வி இது: "பாடப்புத்தகத்தில் இருக்கும் ஐந்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை 180 நானோமீட்டர் சிமாஸில் போட்டேன். 20 மைக்ரோ ஆம்பியர் டெயில் கரண்டில் கணக்குப்படி வேலை செய்தது. பேட்டரியில் பல மாதம் ஓடவேண்டும் என்பதால் கரண்டை 200 நானோ ஆம்பியராகக் குறைத்தேன், டிரான்சிஸ்டர் அளவுகளைத் தொடவில்லை. பேண்ட்வித் எதிர்பார்த்ததில் கால்வாசிதான் வருகிறது. இரைச்சலும் ஆஃப்செட்டும் ஏறிவிட்டன. சப்ளையையும் 1 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கே தப்பு செய்தேன்?"

கரண்டைக் குறைத்ததில் தப்பில்லை. குறைத்த பிறகும் பழைய சமன்பாட்டையே நம்பினீர்கள் பாருங்கள், அதில்தான் தப்பு. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். டெயில் கரண்டு உள்ளீட்டு ஜோடியின் இரு பக்கங்களுக்கும் பிரிவதால் பக்கத்துக்கு 10 மைக்ரோ ஆம்பியர். ஓவர்டிரைவ், அதாவது டிரான்சிஸ்டர் திறக்கும் த்ரெஷோல்டுக்கு மேல் கேட்டில் இருக்கும் கூடுதல் வோல்டேஜ், 0.2 வோல்ட் என்று வைத்தால், புத்தகத்தின் இருபடி விதிப்படி ஜிஎம் 100 மைக்ரோ சீமென்ஸ். ஜிஎம் என்பது கேட் வோல்டேஜ் ஒரு வோல்ட் மாறினால் கரண்டு எத்தனை ஆம்பியர் மாறும் என்ற விகிதம். அதே விதிப்படி ஜிஎம் கரண்டின் வர்க்கமூலத்தைப் போலத்தான் குறையும். கரண்டு நூறில் ஒன்றானால் ஜிஎம் பத்தில் ஒன்று, அதாவது 10 மைக்ரோ சீமென்ஸ் மிஞ்சும். நீங்கள் எதிர்பார்த்தது அதை. சிமுலேட்டர் உங்களுக்குக் கொடுத்தது சுமார் 2.7.

சிமுலேட்டர் சொல்வதுதான் சரி. 100 நானோ ஆம்பியரிலிருந்து 10 மைக்ரோ சீமென்ஸ் எடுக்க எந்த டிரான்சிஸ்டராலும் முடியாது. கேட் வோல்டேஜ் டிரெயின் கரண்டை ஆட்டுவதற்கு இயற்கையே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரு ஆம்பியருக்கு இத்தனை சீமென்ஸ் என்ற விகிதத்தை வடிவமைப்பாளர்கள் 'ஜிஎம் பை ஐடி' என்பார்கள். பைபோலார் டிரான்சிஸ்டரில் அது வெப்ப வோல்டேஜின் தலைகீழ். அறை வெப்பநிலையில் வெப்ப வோல்டேஜ் 25.85 மில்லிவோல்ட், ஆகவே விகிதம் வோல்ட்டுக்கு 38.7. மாஸ்ஃபெட்டில் கேட் வோல்டேஜின் ஒரு பகுதி ஆக்சைடுக்கும் அடித்தளத்துக்கும் இடையே பங்குபோய்விடுகிறது. அந்த இழப்பைக் குறிக்கும் ஸ்லோப் ஃபேக்டர் பெரும்பாலும் 1.2-க்கும் 1.6-க்கும் இடையில் இருக்கும். 1.35 என்று கொண்டால் உச்சவரம்பு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 28.7. அதற்கு மேல் ஒரு படிகூட ஏறமுடியாது. நீங்கள் கேட்டது 100.

வரம்பை நெருங்கும் இந்தப் பகுதிக்குத்தான் வீக் இன்வர்ஷன் என்று பெயர். த்ரெஷோல்டுக்குக் கீழே டிரான்சிஸ்டர் அணைந்துவிடுகிறது என்று டிஜிட்டல் பாடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். உண்மையில் அங்கே மின்புலத்தின் இழுப்பால் ஓடிய கரண்டு நின்று, எலெக்ட்ரான்கள் பரவலால் கசிந்து நகரும் கரண்டு ஆட்சிக்கு வருகிறது. அது கேட் வோல்டேஜோடு அடுக்குக்குறி விதிப்படி மாறும், கிட்டத்தட்ட பைபோலார் போலவே. இதை 'கசிவு' என்று ஒதுக்காமல் சர்க்யூட் கட்டும் பொருளாகப் பார்த்தவர்கள் சுவிட்சர்லாந்தின் கைக்கடிகாரக்காரர்கள். பொத்தான் அளவு பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு. எரிக் விட்டோஸும் ஜான் ஃபெல்ராத்தும் 1977-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை வீக் இன்வர்ஷனில் அனலாக் சிமாஸ் கட்டுவதை முறையாக வகுத்துக் காட்டியது. ஒப்பீட்டுக்கு ஒன்று: 1968-ல் வந்த 741 ஆப்-ஆம்ப் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கவே சுமார் 1.7 மில்லி ஆம்பியர் எடுக்கும். உங்கள் டெயில் கரண்டைப் போல 8,500 மடங்கு.

இனி ஓவர்டிரைவ் என்ற அளவை ஓரமாக வைத்துவிடுங்கள். வீக் இன்வர்ஷனில் அது எதிர்மறையாகக்கூடப் போகும், பொருளே இல்லாத எண். அதற்குப் பதில் இன்வர்ஷன் கோஎஃபிஷியன்ட் என்ற ஒரு விகிதம் போதும். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு அடிப்படைக் கரண்டு உண்டு. அகலமும் நீளமும் சமமான டிரான்சிஸ்டர் வீக்குக்கும், த்ரெஷோல்டுக்கு நன்றாக மேலே உள்ள ஸ்ட்ராங்குக்கும் சரியாக நடுவில் நிற்கும் கரண்டு அது. 180 நானோமீட்டர் என்மாஸில் சுமார் 0.54 மைக்ரோ ஆம்பியர், பிமாஸில் அதில் நாலில் ஒரு பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்டை, இந்த அடிப்படைக் கரண்டையும் அகல-நீள விகிதத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால் கோஎஃபிஷியன்ட் கிடைக்கும். 0.1-க்குக் கீழே வீக், 10-க்கு மேலே ஸ்ட்ராங், நடுவில் இருப்பது மாடரேட் இன்வர்ஷன். என்ஸ், க்ருமெனாகர், விட்டோஸ் மூவரும் 1995-ல் கொடுத்த ஈகேவி மாடல் மூன்று பகுதிகளையும் ஒரே கோட்டில் இணைக்கிறது. அதிலிருந்து மூன்று எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கோஎஃபிஷியன்ட் 0.1-ல் உச்ச ஜிஎம்-மில் 92 சதவீதம் கிடைக்கும், 1-ல் 62, 10-ல் 27.

அப்படியானால் எல்லாவற்றையும் 0.001-க்குத் தள்ளிவிட்டால் என்ன? புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது இது, நானும் செய்திருக்கிறேன். 0.1-லிருந்து 0.001-க்குப் போக டிரான்சிஸ்டரை நூறு மடங்கு அகலமாக்க வேண்டும். கிடைப்பது மிஞ்சியிருந்த 8 சதவீதம். கொடுப்பது நூறு மடங்கு கேட் கெபாசிட்டன்ஸ், அதனால் நூறில் ஒரு பங்காகும் வேகம். போதாததற்கு அவ்வளவு பெரிய டிரெயினின் ஜங்ஷன் கசிவும் வந்து சேரும். வேகம் சிறிதளவாவது தேவைப்படும் இடங்களில் மாடரேட் இன்வர்ஷனே பெரும்பாலும் சரியான விடை. இருபடி விதியும் அடுக்குக்குறி விதியும் இரண்டுமே பொருந்தாத பகுதி என்பதால்தான் பாடப்புத்தகங்கள் அதைத் தாண்டிக் குதிக்கின்றன. சில்வெய்ரா, ஃப்ளாண்ட்ர், யெஸ்பர்ஸ் மூவரும் 1996-ல் முன்வைத்த வழி அங்கே கைகொடுக்கும். சமன்பாட்டை விட்டுவிட்டு, சிமுலேட்டரில் ஒரே ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டு, ஜிஎம் பை ஐடி எப்படி மாறுகிறது என்று வரைபடம் எடுத்து, அதையே அட்டவணையாக வைத்து அளவுகளைப் படிப்பது. கல்லூரி லைசென்ஸ் இல்லையே என்ற கவலை வேண்டாம். 2020-ல் திறந்துவிடப்பட்ட ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் ப்ராசஸ் கோப்புகளையும் என்ஜிஸ்பைஸ் என்ற இலவச சிமுலேட்டரையும் வைத்து ஒரு மாலைப்பொழுதில் அந்த வரைபடங்களை எடுத்துவிடலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'எவ்வளவு கரண்டு போதும்' என்று நீங்களாக முடிவு செய்து 200 நானோ ஆம்பியர் என்று எழுதிக்கொண்டீர்கள். அதை முடிவு செய்யும் உரிமை நமக்குக் கிடையாது. இரண்டு பேர் முடிவு செய்கிறார்கள்: இரைச்சலும் சுமைக் கெபாசிட்டரும். நம் கையில் இருப்பது, அவர்கள் கேட்பதற்கு மேல் ஒரு நானோ ஆம்பியர்கூட வேறு கிளைகளில் ஒழுகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

கெபாசிட்டர் கணக்கு எளிது. பேண்ட்வித்தை 2π-யாலும் கெபாசிட்டன்ஸாலும் பெருக்கினால் தேவையான ஜிஎம். 10 பிக்கோஃபாரட் சுமையில் யூனிட்டி கெயின் (பெருக்கம் 1-க்கு இறங்கும் அலைவெண்) 40 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமானால் 2.5 மைக்ரோ சீமென்ஸ். ஜிஎம் பை ஐடி 26 என்று வைத்தால் பக்கத்துக்கு 100 நானோ ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் சர்க்யூட் இதற்குச் சரியாகப் போதும்.

இரைச்சல் அவ்வளவு இரக்கம் காட்டாது. வீக் இன்வர்ஷனில் ஒரு டிரான்சிஸ்டரின் வெண்ணிரைச்சலை உள்ளீட்டுக்கு மாற்றிப் பார்த்தால், இரைச்சலின் வர்க்கம் கரண்டுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். பக்கத்துக்கு 1 மைக்ரோ ஆம்பியர் ஓடும் ஜோடியில் அது ரூட் ஹெர்ட்ஸுக்கு 28 நானோவோல்ட் அளவு. முதல் வரிசை வடிகட்டலோடு 5 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்வித்தில் கூட்டினால் சுமார் 2.5 மைக்ரோவோல்ட். பக்கத்துக்கு 100 நானோ ஆம்பியரில் அதே கணக்கு 7.8 மைக்ரோவோல்ட் ஆகிறது. இவை உள்ளீட்டு ஜோடிக்கு மட்டும், மிரரின் (ஒரு கிளையின் கரண்டை இன்னொரு கிளையில் நகலெடுக்கும் டிரான்சிஸ்டர் ஜோடியின்) பங்கு சேராமல். உங்கள் சென்சார் தருவது மில்லிவோல்ட் என்றால் 7.8 பெரிய விஷயமில்லை. நரம்புத் துடிப்பு போல சில பத்து மைக்ரோவோல்ட் என்றால் அந்த ஆம்ப்ளிஃபயர் பயன்படாது, எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் சரி. இரைச்சலைப் பாதியாக்க கரண்டை நாலு மடங்காக்க வேண்டும். இந்த ஒரு வரியைத்தான் வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 'இரைச்சல் இன்னும் கொஞ்சம் குறைந்தால் நன்றாக இருக்கும்' என்று அவர்கள் போகிறபோக்கில் சொல்லும் 'கொஞ்சம்' பேட்டரியை நாலில் ஒன்றாக்கும்.

கரண்டுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான இந்தப் பேரத்தை ஒரே எண்ணாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஸ்டெயார்ட்டும் சான்சனும் அவர்களது சகாவும் 1987-ல் மருத்துவக் கருவிக்கான ஆம்ப்ளிஃபயர் ஒன்றோடு அறிமுகப்படுத்திய இரைச்சல் திறன் காரணி அது. அதே கரண்டும் பேண்ட்வித்தும் கொண்ட, குறையே இல்லாத ஒற்றை பைபோலார் டிரான்சிஸ்டருக்கு மதிப்பு 1. வீக் இன்வர்ஷனில் உள்ள மாஸ்ஃபெட் ஜோடி, மற்ற எதுவும் இரைச்சல் சேர்க்காவிட்டால், ஸ்லோப் ஃபேக்டர் 1.35-க்கு 1.9 தரும். ஹாரிசனும் சார்ல்ஸும் 2003-ல் வெளியிட்ட நரம்புப் பதிவு ஆம்ப்ளிஃபயரில் அது 4.0. உள்ளீட்டு இரைச்சல் 2.2 மைக்ரோவோல்ட், 7.2 கிலோஹெர்ட்ஸ் வரை, 80 மைக்ரோவாட். இத்துறையில் வந்த பல வடிவங்கள் அதைத்தான் அளவுகோலாக வைத்துத் தங்களை ஒப்பிட்டுக்கொண்டன.

1.9-க்கும் 4-க்கும் நடுவில் என்ன தொலைகிறது? பெரும்பங்கு மிரர்களில். உங்கள் இரைச்சலும் ஆஃப்செட்டும் (உள்ளீடு இல்லாதபோதும் தெரியும் பிழை வோல்டேஜ்) ஏறியதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. முதலில் உங்கள் உள்ளீட்டு ஜோடி 0.2 வோல்ட் ஓவர்டிரைவிலும் மிரர் 0.4 வோல்ட்டிலும் இருந்தன என்று ஊகிக்கிறேன், அதுதான் வழக்கமான புத்தக அளவு. அப்போது மிரரின் ஜிஎம் ஜோடியினுடையதில் பாதி. மிரரின் இரைச்சலும் த்ரெஷோல்டு வேறுபாடும் உள்ளீட்டில் அந்த விகிதத்துக்கு ஏற்பச் சுருங்கித் தெரிந்தன. கரண்டைக் குறைத்ததும் இரண்டும் ஒன்றாக வீக் இன்வர்ஷன் பக்கம் சரிந்தன, இரண்டின் ஜிஎம்-மும் ஏறக்குறைய சமமாயின. அதோடு மிரரின் குற்றமெல்லாம் சுருங்காமல் உள்ளே வந்துவிட்டது.

ஆகவே விதி இது: சிக்னலைத் தொடும் டிரான்சிஸ்டர் வீக் இன்வர்ஷனில், கரண்டு மட்டும் தருகிற டிரான்சிஸ்டர் ஸ்ட்ராங் இன்வர்ஷனில். முன்னதற்கு அகலம், பின்னதற்கு நீளம். பெல்க்ரோம் 1989-ல் காட்டியபடி த்ரெஷோல்டு வேறுபாடு பரப்பளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். அந்த வேறுபாடு மிரரின் கரண்டுப் பிழையாக மாறும்போது ஜிஎம் பை ஐடி-யால் பெருகும். 2 மில்லிவோல்ட் வேறுபாடு, விகிதம் 26 என்றால் 5 சதவீதப் பிழை. அதே மிரர் ஸ்ட்ராங் இன்வர்ஷனில் விகிதம் 8-ல் நின்றால் 1.6 சதவீதம்.

உங்கள் சர்க்யூட்டுக்கு அளவு போட்டுப் பார்ப்போம். மிரரின் கோஎஃபிஷியன்ட் 10 வேண்டும், கரண்டு 100 நானோ ஆம்பியர். அகல-நீள விகிதம் 54-ல் ஒன்று என்று வரும்: அரை மைக்ரான் அகலம், 27 மைக்ரான் நீளம். முதல்முறை பார்ப்பவர்கள் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள், பிழை இல்லை. இவ்வளவு நீளமான டிரான்சிஸ்டர் மெதுவாகிவிடாதா என்றால், மிரர் முனையின் போல் (அதற்கு மேல் சிக்னல் சரியத் தொடங்கும் அலைவெண்) சுமார் 800 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது, உங்கள் 40 கிலோஹெர்ட்ஸைப் போல இருபது மடங்கு தள்ளி. கவலையே வேண்டாம். உள்ளீட்டுக்கு பிமாஸ் ஜோடி, அகல-நீள விகிதம் 8 போதும். ஃப்ளிக்கர் இரைச்சலுக்காக (தாழ்ந்த அலைவெண்களில் ஓங்கும் இரைச்சல்) பரப்பைக் கூட்டி 40-க்கு 5 மைக்ரான் என்று வையுங்கள்.

ஆனால் 1 வோல்ட்டில் ஒரு சிக்கல் வரும். த்ரெஷோல்டு 0.45 என்றால், கோஎஃபிஷியன்ட் 10-ல் டயோடாக இணைத்த மிரருக்கே 0.67 வோல்ட் போய்விடும். மிச்சமுள்ள 0.33-ல் டெயில் டிரான்சிஸ்டரும் ஜோடியும் குடித்தனம் நடத்தவேண்டும். கணக்குப் போட்டால் உள்ளீட்டின் பொது வோல்டேஜுக்கு 100 மில்லிவோல்ட்டுக்கும் குறைவான சந்துதான் மிஞ்சுகிறது. நான் அங்கே கோஎஃபிஷியன்டை 3-க்கு இறக்குவேன். அரை மைக்ரானுக்கு 8 மைக்ரான். மிரரில் 0.1 வோல்ட் மிச்சமாகும், சந்து இரு மடங்குக்கு மேல் அகலமாகும். பதிலுக்கு மிரரின் இரைச்சல் பங்கு ஜோடியினுடையதில் மூன்றில் ஒன்று என்பதிலிருந்து பாதிக்கு ஏறும். இந்தப் பேரத்தில் எது சரி என்று உங்கள் சென்சார்தான் சொல்லவேண்டும்.

சப்ளையைக் குறைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். டிஜிட்டலில் வோல்டேஜைப் பாதியாக்கினால் ஒவ்வொரு சுவிட்சிங்குக்கும் ஆகும் ஆற்றல் கால்வாசியாகும். அந்தப் பழக்கத்தில் அனலாகிலும் அப்படியே என்று நினைத்துவிடுகிறோம். சிக்னல் சப்ளையின் முழு உயரத்தையும் பயன்படுத்தும் கடைசிக் கட்டத்தில் நிலைமை தலைகீழ். வோல்டேஜ் பாதியானால் சிக்னலும் பாதி. அதே தெளிவு வேண்டுமானால் இரைச்சலும் பாதியாக வேண்டும், அதற்குக் கரண்டு நாலு மடங்கு. மொத்தத்தில் மின்திறன் இரட்டிப்பாகிறது. முதல் கட்டத்தில் சிக்னலே மைக்ரோவோல்ட் என்பதால் இந்தச் சிக்கல் கிடையாது, அங்கே சப்ளையைத் தாராளமாகக் குறைக்கலாம். ஆக ஒரே சிப்பில் முதல் கட்டத்துக்கு ஒரு வோல்டேஜ், கடைசிக்கு வேறு என்று வைப்பதில் தவறில்லை. இந்த வாதத்தின் அடிமட்ட எல்லையை விட்டோஸ் கணக்கிட்டிருக்கிறார். ஒரு போலுக்கு 8கேடி-யை (கே போல்ட்ஸ்மன் மாறிலி, டி வெப்பநிலை) அலைவெண்ணாலும் சிக்னல்-இரைச்சல் விகிதத்தாலும் பெருக்கினால் வருவதுதான் குறைந்தபட்ச மின்திறன். 10 கிலோஹெர்ட்ஸ், 60 டெசிபலுக்கு 0.33 நானோவாட். ஒவ்வொரு கூடுதல் 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு. நிஜ சர்க்யூட்டுகள் இதற்கு எங்கோ மேலே நிற்கின்றன.

எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு மாணவர்கள் செலவழிக்கும் நேரம் அதிகம் என்று எனக்குப் படும். சுமை வெறும் கெபாசிட்டர் என்றால் ஒரே கட்டத்தோடு நிறுத்துங்கள். சுமைக் கெபாசிட்டரே சர்க்யூட்டை நிலைப்படுத்திவிடும். கெயின் போதவில்லையா, ஒரு டிரான்சிஸ்டரின் மேல் இன்னொன்றை அடுக்கும் கேஸ்கோடு போடுங்கள். டெலஸ்கோபிக் கேஸ்கோடில் அதே கரண்டு மேலிருந்து கீழ்வரை ஒருமுறைதான் ஓடும். ஃபோல்டட் கேஸ்கோடு வோல்டேஜ் இடத்தைக் கொடுத்துவிட்டு மடித்த கிளைக்குத் தனிக் கரண்டு கேட்கும். இரண்டு கட்டங்களை ஒரு கெபாசிட்டரால் நிலைப்படுத்தும் மில்லர் அமைப்பில் இரண்டாம் கட்டம் எடுக்கும் கரண்டின் பெரும்பகுதி சிக்னலுக்காக இல்லை. இரண்டாவது போலை யூனிட்டி கெயினுக்கு இரண்டு மூன்று மடங்கு தள்ளி நிறுத்துவதற்காக. ஆடாமல் நிற்பதற்கே கூலி கொடுப்பது போல. ரெசிஸ்டர் சுமையையோ பெரிய வீச்சையோ தாங்கவேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் அதன் பக்கம் போங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது இன்வெர்ட்டர் அமைப்பு. உள்ளீட்டை பிமாஸ், என்மாஸ் இரண்டின் கேட்டுக்கும் கொடுத்துவிட்டால், மிரர் என்று சும்மா நின்றிருந்த டிரான்சிஸ்டரும் சிக்னலைப் பெருக்கத் தொடங்கும். அதே கரண்டில் இரண்டு ஜிஎம், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இரைச்சலின் வர்க்கம் பாதியாகும். சப்ளையில் ஏறும் அழுக்கு நேராக வெளியீட்டில் தெரிவதும், ப்ராசஸ் மூலைகளில் (உற்பத்தி வேறுபாட்டின் எல்லைகளில்) கரண்டு தாறுமாறாக ஓடுவதும் அதன் குறைகள். டிஃபரன்ஷியலாகக் கட்டி, டெயில் கரண்டால் கட்டிப்போட்டால் இரண்டும் அடங்கும்.

வெளியீடு ஏறி இறங்கும் உச்ச வேகமான ஸ்லூ ரேட்டையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் 200 நானோ ஆம்பியர் 10 பிக்கோஃபாரட்டை மைக்ரோ விநாடிக்கு 20 மில்லிவோல்ட்தான் தள்ளும். அரை வோல்ட் தாண்ட 25 மைக்ரோ விநாடி. வீக் இன்வர்ஷனில் உள்ளீட்டு வேறுபாடு 70 மில்லிவோல்ட்டை நெருங்கும்போதே டெயில் கரண்டின் பெரும்பகுதி ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அதன்பின் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் வேகம் பெரிதாக ஏறாது. சதுர அலை போன்ற உள்ளீடு இருந்தால், தேவைப்படும்போது மட்டும் கூடுதல் கரண்டு தரும் கிளாஸ் ஏபி அமைப்பு வேண்டும். மெதுவாக அசையும் உடல் சிக்னலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

சிக்னல் சில ஹெர்ட்ஸில் இருந்தால் மேலே சொன்ன வெண்ணிரைச்சல் கணக்கையெல்லாம் ஃப்ளிக்கர் இரைச்சல் விழுங்கிவிடும். கரண்டைக் கூட்டினால் அது குறையாது, கேட்டின் பரப்பைக் கூட்டினால்தான் குறையும். அதனால்தான் பிமாஸ் ஜோடியையும் பெரிய அளவையும் சொன்னேன், பிமாஸில் அது வழக்கமாகக் குறைவு. பரப்பு போதாத இடத்தில் சாப்பர்: சிக்னலை உயர்ந்த அலைவெண்ணுக்குத் தூக்கி, ஃப்ளிக்கர் இல்லாத இடத்தில் பெருக்கி, திரும்ப இறக்குவது. ஆஃப்செட்டும் அதோடு ஒழியும். விலை இரண்டு. வெளியீட்டில் சாப்பிங் அலைவெண்ணில் ஒரு சிற்றலை தங்கும். உள்ளீட்டுத் தடையும் சரியும்: 5 கிலோஹெர்ட்ஸில் 10 பிக்கோஃபாரட்டைத் தட்டினால் அது 10 மெகா ஓம் ரெசிஸ்டர் போலத் தெரியும், உலர்ந்த மின்முனைக்கு அது தாங்காது. சிக்னல் நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் என்றால் நான் முதலில் பரப்பைத்தான் முயல்வேன்.

எல்லாக் கிளைகளுக்கும் நிலையான கரண்டை நிர்ணயிக்கும் பயஸ் சர்க்யூட்டைக் கடைசியில் யோசிப்பது பொதுப் பழக்கம். நானோ ஆம்பியர் உலகில் அதுவே பாதி வேலை. வீக் இன்வர்ஷனில் இரண்டு டிரான்சிஸ்டர்களை 8-க்கு 1 விகிதத்தில் வைத்துக் கட்டும் பீட்டா மல்டிப்ளையரில், ரெசிஸ்டரின் மேல் விழும் வோல்டேஜ் 54 மில்லிவோல்ட். 100 நானோ ஆம்பியருக்கு 540 கிலோ ஓம், 10 நானோ ஆம்பியருக்கு 5.4 மெகா ஓம். பின்னது சிப்பில் ஆம்ப்ளிஃபயரைவிட அதிக இடம் பிடிக்கும். ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு மாஸ்ஃபெட்டையே வைக்கும் வழியை ஓகேயும் ஏபிஷெரும் 1997-ல் காட்டினார்கள். ரெசிஸ்டர் வழியில் ஒரு பரிசு உண்டு. கரண்டு வெப்பநிலையோடு ஏறும், வீக் இன்வர்ஷனில் ஜிஎம் வெப்பநிலையோடு இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ரெசிஸ்டரின் மாற்றம் நீங்கலாக ஜிஎம் அப்படியே நிற்கும், அதனால் பேண்ட்வித்தும் நிற்கும். இந்தச் சர்க்யூட்டுக்குக் கரண்டே ஓடாத இன்னொரு சமநிலை இருக்கிறது என்பதை மறந்து, எழுப்பிவிடும் சர்க்யூட் இல்லாமல் சிப்பை அனுப்பியவர்கள் உண்டு. சிமுலேட்டரில் அது தானாகவே எழுந்துகொள்வதுபோலத் தோன்றும். சப்ளையைச் சட்டென்று இல்லாமல், விநாடிக்கணக்கில் மெதுவாக ஏற்றி, குறைந்த வெப்பநிலையிலும் சோதியுங்கள்.

சிமுலேட்டர் ஏமாற்றும் இன்னொரு இடம்: ஸ்பைஸ் தன் கணக்கு ஒருங்குவதற்காக ஒவ்வொரு ஜங்ஷனுக்கும் குறுக்கே 1 டெரா ஓம் ரெசிஸ்டரை ரகசியமாக வைக்கும். மில்லி ஆம்பியர் சர்க்யூட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை. ஹாரிசன் பாணியில் மாஸ்ஃபெட்டையே மாபெரும் ரெசிஸ்டராகப் பயன்படுத்தி, மில்லிஹெர்ட்ஸில் கீழ் எல்லை வைக்க முயன்றால், நீங்கள் பார்ப்பது டிரான்சிஸ்டரின் தடையா, சிமுலேட்டர் ஒட்டவைத்த தடையா என்று தெரியாது. அந்த மதிப்பை ஆயிரம் மடங்கு மாற்றி ஓட்டிப்பாருங்கள். விடை நகர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஜங்ஷன் கசிவு ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும் என்பதால், 25 டிகிரியில் 1 பிக்கோ ஆம்பியர் கசிவது 125 டிகிரியில் 1 நானோ ஆம்பியர் ஆகிவிடும் என்பதையும் பயஸ் கணக்கில் சேருங்கள்.

சிப் கைக்கு வந்தபின் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் நானோ ஆம்பியர் சிப்பைப் பேக்கேஜ் செய்யாமல் ப்ரோப் ஸ்டேஷனில் (ஊசிமுனையால் சிப்பைத் தொட்டு அளக்கும் மேடையில்) வைத்து அளந்தபோது, பயஸ் கரண்டு கணக்கைப் போல இரண்டு மடங்கு வந்தது. இரண்டு நாள் லேஅவுட்டைத் துழாவினோம். மூன்றாம் நாள் மதியம் யாரோ மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தார்கள், கரண்டு பொட்டென்று சரியான இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு ஜங்ஷனும் ஒரு குட்டி சோலார் செல் என்பது பாடத்தில் படித்ததுதான். அதற்குப் பிறகு இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். வெளியீட்டை 10 மெகா ஓம் ப்ரோப் வைத்து நேராகப் பார்த்தேன். அரை வோல்ட்டில் அந்த ப்ரோப் இழுப்பது 50 நானோ ஆம்பியர், பக்கத்துக்கு 100 ஓடும் உங்கள் சர்க்யூட்டில் சரிபாதி. கூடவே அது சேர்க்கும் பத்துப் பதினைந்து பிக்கோஃபாரட் உங்கள் சுமையை இரட்டிப்பாக்கும்.

ஆகவே லேஅவுட் முடிப்பதற்குள் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒரு பஃபரைச் சேர்த்து, அதற்குத் தனி சப்ளை பின் கொடுங்கள். அளவெடுக்க மட்டும் அது பத்து மைக்ரோ ஆம்பியர் குடித்தாலும் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் கணக்கில் சேராது. ஆம்ப்ளிஃபயர், பயஸ் சர்க்யூட் ஆகிய நுண்மையான பகுதிகளின் மேல் உச்சி மெட்டல் அடுக்கால் ஒரு மூடியும் போட்டுவிடுங்கள், விளக்கை அணைக்க யாரும் வராத நாட்களுக்காக.